பெருநகரத்தில் அலுவலகத்தை எங்கே வைப்பது? பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பன்னாட்டு நிறுவனம் புதிதாக ஒரு நாட்டுக்குள் கால் வைக்கும்போது நகரத்தின் பெயர் முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிடும். லண்டன், சிங்கப்பூர், நியூயார்க், டோக்கியோ என்று ஏதாவது ஒன்று. அந்த நகரத்துக்குள் எந்தப் பகுதி, எந்தத் தெரு, எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்ற கேள்வி வரும்போது எல்லோருக்கும் அலுப்புத் தட்டிவிடும். புரோக்கர் அனுப்பிய பிடிஎஃப்பில் வாடகையையும் லாபியின் படத்தையும் பார்த்து ஒன்றை டிக் அடித்துவிடுவார்கள். இப்படி எடுத்த முடிவுகள் பின்னால் என்ன பாடு படுத்தும் என்பதைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் வங்கிகள் நிறைந்த ஒரு பகுதியில், உயரமான கட்டடத்தில், ஆறு தெரிகிற மாதிரி ஒரு தளத்தை எடுத்தது. அவர்கள் விற்றது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். பெரிய மருத்துவமனைகள் எல்லாம் நகரத்தின் மறுகோடியில் இருந்தன, இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். மூன்றாவது மாதத்துக்குள் விற்பனைக் குழு தானாகவே அந்த மருத்துவமனைகளுக்கு எதிரில் ஒரு காபிக் கடையில் மூலை மேசையைப் பிடித்துக்கொண்டது. லேப்டாப் சார்ஜரைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்கு அங்கே பழகிவிட்டார்கள். ஆறு தெரிகிற தளத்தில் அவர்களுடைய நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் கிடந்தன. நிறுவனமோ பத்து வருடக் குத்தகையில் கையெழுத்துப் போட்டிருந்தது.

அவர்கள் நகரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நகரத்துக்குள் தவறான இடத்தில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

வேலையைப் பிரித்து எழுதுங்கள்

நகரங்களின் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் இதை எழுதுங்கள்: அந்த அலுவலகத்தில் உட்காரப் போகிறவர்கள் யார், ஒவ்வொருவரும் வாரத்தில் எத்தனை முறை யாரை நேரில் பார்த்தாக வேண்டும். விற்பனைக்காரர் வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும். சட்டப் பிரிவில் இருப்பவர் ஒழுங்குமுறை அதிகாரியையும் வெளி வழக்கறிஞர்களையும். பொறியாளர் பெரும்பாலும் இன்னொரு பொறியாளரை. கணக்குப் பிரிவுக்கு வாரத்துக்கு ஒருமுறை கூட வெளியாள் தேவைப்படாமல் இருக்கலாம். இதை எழுதி முடித்ததும் ஒரே கட்டடத்தில் எல்லோரையும் உட்கார வைக்கத்தான் வேண்டுமா என்று உங்களுக்கே கேட்கத் தோன்றும். பல சமயம் வேண்டாம். நகர மையத்தில் சின்னதாக ஒன்று, ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் பெரியதாக ஒன்று என்று பிரித்தால் செலவும் குறையும், வேலையும் நடக்கும்.

பிரிக்கும்போது எதை எதிலிருந்து பிரிக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் தேவை. போயிங் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 2001இல் தலைமையகத்தை சியாட்டிலில் இருந்து சிகாகோவுக்கு மாற்றியது. பயணிகள் விமானப் பிரிவின் அன்றாடச் சிக்கல்களில் மாட்டிக்கொள்ளாமல் மொத்த நிறுவனத்தையும் மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணம். 2022இல் மறுபடி வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்கு, அதாவது வாஷிங்டன் அரசு அலுவலகங்களுக்குப் பக்கத்தில், போவதாக அறிவித்தது. இடையில் 2018, 2019இல் இரண்டு 737 மேக்ஸ் விபத்துகள். விபத்துக்குக் காரணம் தலைமையகத்தின் முகவரிதான் என்று சொல்வது நியாயமாகாது, ஆனால் விமானத்தை வடிவமைப்பவர்களும் முடிவெடுப்பவர்களும் ஒரே வராந்தாவில் நடக்காமல் போனதைப் பற்றி வந்த விமர்சனத்தை அலட்சியம் செய்ய முடியாது. 2024இல் பொறுப்பேற்ற புதிய தலைமைச் செயல் அதிகாரி கெல்லி ஆர்ட்பெர்க், தான் சியாட்டிலில் தங்கியே வேலை பார்க்கப் போவதாக அறிவித்தார். முடிவெடுப்பவரை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வைப்பதாக இருந்தால் பத்து முறை யோசியுங்கள்.

நகரம்: பெயரை விடுங்கள், விமான அட்டவணையைப் பாருங்கள்

வெளிநாட்டு நிறுவனம் என்பதாலேயே ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. உள்ளூர்ச் சட்டம் தெரியாது, யாரை நம்பலாம் என்று தெரியாது, நம் பெயரை அங்கே யாருக்கும் தெரியாது. ஸ்டீபன் ஹைமர் என்ற பொருளாதார அறிஞர் 1960இலேயே இந்தச் சுமையைப் பற்றி எழுதினார். பெரிய நகரங்கள் இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கி வைக்கின்றன, ஏனென்றால் அங்கே பன்னாட்டு விவகாரம் தெரிந்த வழக்கறிஞர், தணிக்கையாளர், வங்கி எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பல நாட்டுக்காரர்களுடன் வேலை செய்து பழகியவர்களும் கிடைப்பார்கள். ஜப்பானிய நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வு உலக நகரங்களின் மூன்று குணங்களைத் தனியாக எடுத்துப் பேசுகிறது: உலகத்தோடு உள்ள தொடர்பு, பல நாட்டு மக்கள் கலந்த சூழல், உயர்தரத் தொழில் சேவைகள். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நகரத்தையும் இந்த மூன்றில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இந்த மூன்றில் எதுவும் பெரிதாகத் தேவையில்லை என்றால், உதாரணமாக ஒரு கிடங்கோ தொழிற்சாலையோ போடுகிறீர்கள் என்றால், பெருநகர வாடகை வீண்.

இதில் பலரும் கோட்டை விடுவது நேரடி விமானம். சேவியர் ஜிரூ என்ற பொருளாதார ஆய்வாளர் அமெரிக்கத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டு, தலைமையகத்துக்கும் ஆலைக்கும் இடையே புதிய விமானத் தடம் வந்து பயண நேரம் குறைந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். அந்த ஆலைகளில் முதலீடு 8 முதல் 9 சதவீதம் வரை கூடியது, உற்பத்தித் திறனும் ஒரு சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. காரணம் எளிது: போய்வர வசதி இருந்தால் மேலே இருப்பவர் அடிக்கடி போவார், போனால் பிரச்சினை கண்ணில் படும், கண்ணில் பட்டால் பணம் ஒதுக்குவார். எனவே ஆவணத்தில் 'சர்வதேச விமான நிலையம் உண்டு' என்று எழுதியிருப்பதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் தலைமையகத்தில் இருந்து வாரத்தில் எத்தனை நேரடி விமானம், காலையில் இறங்கினால் அன்றைக்கே வேலையைத் தொடங்க முடியுமா, இதைப் பாருங்கள்.

அடுத்து நேர மண்டலம். லண்டனில் காலை 9 மணி என்றால் டோக்கியோவில் மாலை 5 அல்லது 6. நியூயார்க்கில் காலை 9 ஆகும்போது லண்டனில் மதியம் 2. ஒரே வேலைநாளில் இரண்டு பக்கத்தையும் பிடிக்கலாம் என்பதால்தான் லண்டனுக்கு இத்தனை கிராக்கி. சிங்கப்பூரில் காலை 9 என்றால் சான் பிரான்சிஸ்கோவில் முந்தின நாள் மாலை 5 அல்லது 6. அங்கே எல்லோரும் கிளம்பும் நேரம். தினமும் அவர்களோடு பேச வேண்டிய குழுவை சிங்கப்பூரில் வைத்தால் யாராவது ஒருவர் தினமும் தூக்கத்தையோ குடும்ப நேரத்தையோ விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி விட்டுக்கொடுப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் தங்குவதில்லை.

வரியை எல்லோரும் முதலில் எடுப்பார்கள், நான் கடைசியில் எடுக்கிறேன். அயர்லாந்தின் 12.5 சதவீத நிறுவன வரி பல நிறுவனங்களை டப்ளினுக்கு இழுத்தது உண்மைதான். ஆனால் 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள், ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேல் உள்ள குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்ட பிறகு, பெரிய நிறுவனங்களுக்கு வரிக்காக மட்டும் ஊர் மாறுவதில் முன்பு இருந்த ஆதாயம் சுருங்கிவிட்டது. சட்டத்தையும் நிலையானது என்று நினைக்காதீர்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் பிரெக்ஸிட் முடிவு வந்ததும் ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் லண்டனை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது, ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிஸுக்குப் போனது. அதிகாரிகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று லண்டனில் இடம் பிடித்தவர்களுக்கு, அந்த அதிகாரிகளே இடம் மாறியபோது சொந்தக் கணக்கையும் திருப்பிப் போட வேண்டி வந்தது.

ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் நகரத்திலும் கவனம் வேண்டும். புகைப்படச் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனம் சரிந்தபோது, அது இருந்த அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தில் கோடாக்கில் வேலை பார்க்காத, புகைப்படத் துறையிலேயே இல்லாத கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமை எண்ணிக்கை கூட, வேறு நகரங்களில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் கணிசமாகக் குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர் என்ரிகோ மொரெட்டி காட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தால் நம் முற்றமும் இருட்டத்தான் செய்யும்.

பகுதி: மீட்டர் கணக்கில் யோசிக்க வேண்டிய இடம்

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள விளம்பர நிறுவனங்களை எடுத்து, அர்சாகி, ஹெண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்டது. விளம்பர நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் தகவல், ஆட்கள், துணை ஒப்பந்தம் என்று ஏகப்பட்ட பலன் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பலன் தூரம் கூடக்கூட மளமளவென்று குறைந்து 750 மீட்டரில் முற்றாக மறைந்துவிடுகிறது. 750 மீட்டர் என்றால் நிதானமாக நடந்தால் பத்து நிமிடம். 'நாங்களும் மன்ஹாட்டனில்தான் இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு பதினைந்து தெரு தள்ளி உட்கார்ந்தால், மன்ஹாட்டன் வாடகையைக் கொடுத்துவிட்டு அதன் முக்கியமான பலனை விட்டுவிடுகிறீர்கள்.

இதைச் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நகர வரைபடத்தில் நீங்கள் நேரில் பார்க்க வேண்டியவர்களின் முகவரிகளைப் புள்ளி வையுங்கள்: முக்கியமான இருபது வாடிக்கையாளர், ஒழுங்குமுறை அலுவலகம், வேலைக்கு ஆள் எடுக்கும் பல்கலைக்கழகங்கள், போட்டியாளர்கள். புள்ளிகள் நெருக்கமாக விழும் இடத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடை தூரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பட்டியலில் உள்ள கட்டடம் வட்டத்துக்கு வெளியே இருந்தால், அதை ஏன் பார்க்கிறோம் என்பதற்கு யாராவது காரணம் சொல்லட்டும். மேலே சொன்ன மருத்துவமனை மென்பொருள்காரர்கள் இதை ஒரு மத்தியானம் செய்திருந்தால் போதும்.

சரி, போட்டியாளருக்குப் பக்கத்தில் போய் உட்காரலாமா? எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அமெரிக்காவில் தொழில் தொடங்கிய வெளிநாட்டு நிறுவனங்களை வைத்து ஷேவர், ஃப்ளையர் இருவரும் 2000இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நல்ல தொழில்நுட்பம், திறமையான ஆட்கள் வைத்திருக்கும் நிறுவனம் கூட்டத்துக்குள் போனால் வாங்குவதைவிடக் கொடுப்பதுதான் அதிகம், அதனால் அது கொஞ்சம் தள்ளி இருக்கவே விரும்பும், பலவீனமான நிறுவனத்துக்குக் கூட்டம் லாபம். நீங்கள் எந்தப் பக்கம் என்று மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முக்கியமான பத்து ஆட்களைப் பக்கத்துக் கட்டடம் தூக்கிக்கொண்டு போனால் பிழைப்பீர்களா? பிழைக்க மாட்டீர்கள் என்றால் ஆராய்ச்சிக் குழுவைத் தள்ளி வையுங்கள், விற்பனைக் குழுவைக் கூட்டத்துக்குள் விடுங்கள்.

ஆட்கள் எப்படி வந்து சேர்வார்கள்

ரியல் எஸ்டேட் துறையில் 3-30-300 என்று ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு மின்சாரம், தண்ணீருக்கு 3 டாலர் என்றால் வாடகைக்கு 30, அங்கே உட்காருபவர்களின் சம்பளத்துக்கு 300. ஊருக்கு ஊர் மாறும், ஆனால் விகிதம் மனதில் இருக்க வேண்டும். வாடகையில் 20 சதவீதம் பேரம் பேசிக் குறைத்தால் மிச்சம் 6 டாலர். அந்த மலிவான இடத்துக்கு வர முடியாமல் ஆட்கள் விலகி, சம்பளச் செலவு 2 சதவீதம் கூடினாலே அந்த 6 டாலரும் போய்விடும். வாடகையைக் குறைத்ததற்காகப் பாராட்டு வாங்குபவரும், விலகியவர்களுக்குப் பதில் ஆள் தேடி அல்லாடுபவரும் வேறு வேறு துறையில் இருப்பதால் இந்தக் கணக்கை யாரும் ஒரே தாளில் போடுவதே இல்லை. நீங்கள் போடுங்கள்.

மெக்டொனால்ட்ஸ் 1971 முதல் சிகாகோவின் புறநகரான ஓக் புரூக்கில் இருந்தது. விசாலமான வளாகம், மரங்கள், பார்க்கிங் எல்லாம் உண்டு. 2018இல் அதை விட்டுவிட்டு நகருக்குள் வெஸ்ட் லூப் பகுதிக்கு வந்தது. தேவைப்பட்ட இளம் ஆட்கள் நகருக்குள் வசித்தார்கள், அவர்களை அங்கிருந்து புறநகருக்கு வரவழைப்பது கஷ்டமாக இருந்தது. அமேசான் இரண்டாவது தலைமையகத்துக்கு 2017இல் அழைப்பு விட்டபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன, வரிச்சலுகையை அள்ளிக் கொடுக்கப் பல ஊர்கள் தயாராக இருந்தன. கடைசியில் தேர்வானவை நியூயார்க்கும் வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவும். ஆள் கிடைக்கும் இடத்துக்கே முன்னுரிமை. நியூயார்க்கில் உள்ளூர் எதிர்ப்பு கிளம்பி 2019 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அரசு சலுகை தருவதாகச் சொன்னாலும் அந்தத் தெருவில் வசிப்பவர்கள் சம்மதித்ததாக அர்த்தமில்லை.

புரோக்கர் 'நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்பார். நம்பாதீர்கள், போய் நடந்து பாருங்கள். செவ்வாயோ புதனோ காலை எட்டரைக்கு, மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ரயில் கதவு திறந்த நொடியில் கைக்கடிகாரத்தை ஓட விடுங்கள். நடைமேடையில் இருந்து எஸ்கலேட்டருக்கு வரிசை, டிக்கெட் தடுப்பு, சாலையைக் கடக்க இரண்டு சிக்னல், கட்டடத்தின் சுழல் கதவு, அடையாள அட்டை, லிஃப்ட் வரிசை. உங்கள் தளத்தில் கால் வைக்கும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள். நான் ஒரு கட்டடத்தில் இப்படி அளந்தபோது '5 நிமிடம்' 17 நிமிடமாக வந்தது, அதில் 6 நிமிடம் லிஃப்டுக்கு. ஒரு நாளில் போக வர இருபத்துநான்கு நிமிடம் கூடுதல்.

'புது மெட்ரோ வரப்போகிறது' என்ற வாக்குறுதிக்கு இன்றைக்கு ஒரு பைசா கூடக் கொடுக்காதீர்கள். லண்டனின் எலிசபெத் ரயில் தடம் 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்தது, திறந்தது 2022 மே மாதத்தில். பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூனில் திறப்பதாக இருந்து 2020 அக்டோபரில்தான் திறந்தது. பாதையில் ரயில் ஓடும் நாளில் அதற்குரிய வாடகையைக் கொடுத்துக்கொள்ளலாம்.

கட்டடத்தைப் பற்றி ஒன்று மட்டும். எம்ஐடியின் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களை வைத்து அளந்து காட்டியது: இருவர் மேசைகளுக்கு இடையே தூரம் கூடும்போது அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறையும், 50 மீட்டருக்கு மேல் போனால் கிட்டத்தட்ட வேறு ஊரில் இருப்பது போலத்தான். அதனால் ஒன்றாக வேலை செய்ய வேண்டிய குழுவை நான்கு சின்னத் தளங்களில் அடுக்குவதைவிட ஒரு பெரிய தளத்தில் உட்கார வைப்பது மேல். காட்சி நன்றாக இருக்கும் ஒல்லியான கோபுரங்களில் இதற்கு இடமிருக்காது.

குத்தகை

எவ்வளவு யோசித்தாலும் சில முடிவுகள் தவறாகத்தான் போகும், அதற்கு வழி விட்டுவைப்பதுதான் குத்தகையில் உங்கள் வேலை. இடையில் வெளியேறும் உரிமை, உள்வாடகைக்கு விடும் உரிமை, பக்கத்துத் தளம் காலியானால் முதலில் கேட்கும் உரிமை, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 2019 ஜனவரி முதல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகள் பெரும்பாலும் இருப்புநிலைக் குறிப்பில் கடனாகவே ஏறும், எனவே நிதிப் பிரிவை முதல் நாளிலிருந்தே கூட உட்கார வையுங்கள். அளவையும் இன்றைய பழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹெச்எஸ்பிசி வங்கி 2023இல் லண்டனின் கேனரி வார்ஃப் பகுதியில் உள்ள 45 மாடிக் கோபுரத்தை விட்டு நகர மையத்தில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் பக்கம் கிட்டத்தட்டப் பாதி அளவுள்ள கட்டடத்துக்குப் போவதாக அறிவித்தது. அப்புறம் ஆட்கள் அலுவலகத்துக்குத் திரும்ப ஆரம்பித்ததும் கேனரி வார்ஃபிலேயே இன்னொரு கட்டடத்திலும் இடம் பிடிக்க வேண்டியதாயிற்று.

குடிபோன பிறகு

இடம் பலன் தருகிறதா என்பதை வருமானத்தை வைத்து மட்டும் பார்த்தால் தெரியாது, அதில் ஆயிரம் விஷயம் கலந்திருக்கும். மாறுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே நான்கு எண்களைக் குறித்து வையுங்கள், மாறிய பின்னும் மாதாமாதம் குறியுங்கள். ஒரு பதவிக்கு ஆள் எடுக்க எத்தனை நாள் ஆகிறது. வேலை தருவதாக நாம் யாரிடம் சொன்னோமோ அவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள். விலகியவர்களுக்குப் பயண நேரம் எவ்வளவு இருந்தது. விற்பனைக் குழு வாரத்துக்கு எத்தனை நேரடிச் சந்திப்பு நடத்தியது. இந்தக் கடைசி எண் சரிந்துகொண்டே போனால் குழு வேறெங்காவது மேசை பிடித்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் கோபப்படாமல் அந்த முகவரியை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு குத்தகையைத் திறந்து, வெளியேறும் அறிவிப்பை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு ஒன்பது மாதத்துக்கு முன்பாக இந்த நான்கு எண்களையும் மேசையில் வைத்து ஒரு கூட்டம் போடுவதை இன்றைக்கே காலண்டரில் ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் குத்தகையில் கையெழுத்துப் போட்டவர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார், அறிவிப்புத் தேதி ஒரு நாள் தவறினாலும் மிச்ச வருடங்களுக்கான வாடகை நிறுவனத்தின் தலையில்தான்.